மூன்றாவது விரல்

அச்சுப் படிவத்தில் ‘ஐயா / அம்மையீர்’ என்று இருந்ததில் ஐயாவையும் சாய்கோட்டையும் அழித்த பிறகு சுகிர்தாவின் கை நின்றுவிட்டது. அம்மையீர் என்ற சொல்லும் ஒரு காற்புள்ளியும் மட்டும் திரையில் இருந்தன. காற்புள்ளிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு தோன்றி மறைந்து தோன்றி மறைந்து, பேசப் போகிறவளின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆளைப் போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு ஐம்பது. மேலாளர் தணிகாசலம் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார், இரண்டு மணிக்கு வந்துவிடுவார், வந்ததும் கடிதம் அவர் மேஜையில் இருக்க வேண்டும். போகும்போது கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே, அந்த ஏழு சி எல்லாம் இருக்கட்டும்மா, ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுத்திருப்பாங்கல்ல, மனசு நோகாம ஆனா பிடி கொடுக்காம எழுதணும் என்று சொல்லிவிட்டுப் போனார். மனசு நோகாமல், பிடி கொடுக்காமல். அம்மையீர் பன்னிரண்டு அடி தூரத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலை பதினொரு மணியிலிருந்து அங்கேதான். பெயர் துளசிமணி, வயது நாற்பத்தொன்று, பள்ளிச் சீருடை தைக்கிறவர், காங்கேயத்தில் பழைய கோட்டை ரோட்டில் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் வாடகைக்குக் கடை. அவர் கழுத்தில் மஞ்சள் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து கிளம்பும்போது கழற்ற மறந்துவிட்டார் போல. பஸ்ஸில் அதோடுதான் வந்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, சுகிர்தாவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அக்கா, டேப் கழுத்துல இருக்கு என்று. ஒரு வாக்கியம்தான். அந்த ஒரு வாக்கியத்தைக்கூட அவள் மனத்துக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்து, மூன்றாவது முறைக்குள் நேரம் கடந்துவிட்டது என்று விட்டுவிட்டாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான். பேச வேண்டியது தயாராகும்போது பேச வேண்டியவர் வேறு பக்கம் திரும்பியிருப்பார்.

ஏழு சி. தெளிவு, சுருக்கம், திட்டவட்டம், பிழையின்மை, கோவை, முழுமை, மரியாதை. ஆங்கிலத்தில் ஏழும் ஒரே எழுத்தில் தொடங்கும் என்பதால் ஏழு சி. அலுவலகக் கடிதம் எதுவானாலும் இந்த ஏழும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். வங்கிப் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் நாள் பாடம் அது. முதல் நாள் பாடம் ஐந்து சி, கடன் கேட்டு வருகிறவரை அளந்து பார்ப்பதற்கு. கேரக்டர், ஆள் எப்படிப்பட்டவர். கெப்பாசிட்டி, திருப்பிக் கட்டத் தெம்பு உண்டா. கேப்பிடல், சொந்தக் கையிலிருந்து என்ன போட்டிருக்கிறார். கொலேட்டரல், ஈடாக என்ன தருகிறார். கண்டிஷன்ஸ், ஊர் நிலவரம், தொழில் நிலவரம். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், சுகிர்தா விரலில் எழுதிக்கொண்டாள். கட்டைவிரல் ஆள், ஏனென்றால் ஆளுக்கு ஆள் மாறும் ரேகை அங்கேதான். ஆள்காட்டி விரல் தெம்பு. நடுவில் இருக்கும் மூன்றாவது விரல் சொந்த முதல். மோதிர விரல் ஈடு, அது தானாகவே நினைவில் நின்றது, மோதிரத்தைக் கழற்றி வைத்துப் பணம் வாங்குவது அவள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை நடந்ததுதான். சுண்டுவிரல் நிலவரம். ஏழு சி-க்கு விரல் போதாமல் மணிக்கட்டையும் முழங்கையையும் சேர்த்துக்கொண்டாள். முழங்கை மரியாதை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆந்திரப் பெண் பார்த்துச் சிரித்தாள். சுகிர்தாவும் சிரித்தாள், ஆனால் நான் இப்படித்தான் எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணுவேன், சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளைப் பத்து விரலில் படித்தேன், அன்றிலிருந்து விரல் இல்லாமல் எனக்கு எதுவும் நிற்காது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சிநேகிதி கிடைத்திருப்பாள். ஆறு வாரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அந்தப் பெண்ணின் எண் இன்னும் போனில் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு ஒரு மெழுகுவர்த்திப் படம் வந்தது, சுகிர்தாவும் ஒரு மெழுகுவர்த்திப் படம் அனுப்பினாள்.

தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. எழுதினாள். இது தெளிவு. கட்டைவிரலை ஆள்காட்டி விரலால் தொட்டாள். மற்ற விரல்களையெல்லாம் கட்டைவிரல் போய்த் தொடும், கட்டைவிரலை மட்டும் இன்னொன்று வந்து தொட வேண்டியிருக்கிறது, அதனால் எண்ண ஆரம்பிக்கும்போதெல்லாம் ஒரு சின்னத் தடுமாற்றம். தங்கள் விண்ணப்பம் எங்கள் மண்டல அலுவலகத்தால் பரிசீலிக்கப்பட்டது. மண்டல அலுவலகம் என்று போட்டால் நான் இல்லை அவர்கள் என்று கை காட்டுவதுபோல. கை காட்டுவதுதானே. நேற்று மாலை அங்கிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டே வரி. விண்ணப்பதாரர் சொந்தப் பங்கு எதுவும் கொண்டுவராததால் இயந்திரக் கடன் மறுக்கப்படுகிறது. சொந்தப் பங்கு: இல்லை. அந்த ‘இல்லை’யை மூன்று வாரத்துக்கு முன்னால் இதே விசைப்பலகையில் தட்டியவள் சுகிர்தா. தட்டியபோது எந்த உறுத்தலும் இல்லை. கடையைப் பார்த்துவிட்டு வந்தாள், மறுநாள் குறிப்பு எழுதினாள், மூன்றாவது கட்டத்துக்கு வந்தபோது நினைவில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாததால் இல்லை என்று போட்டாள். நினைவில் இல்லாததும் உலகத்தில் இல்லாததும் ஒன்று என்பதுபோல. துளசிமணி அக்கா அதில் கையெழுத்துப் போட்டார். முழுக்க ஆங்கிலம், எங்க போடோணும்னு மட்டும் சொல்லுங்க அம்மிணி என்றார், சுகிர்தா பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினாள்.

காலையில் அக்கா வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். வரச் சொன்னீங்களே, எதுக்கும் இருக்கட்டும்னு மிஷின் பில்லும் கொண்டாந்துட்டனுங்க என்றார். எந்த மிஷின் என்று சுகிர்தா கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே கேட்கவில்லை. அக்கா சிரித்தார். “அதானுங்க அம்மிணி, நீங்க பைய வெச்சீங்கல்லொ, சீலை போட்டு மூடியிருந்துச்சே, அதுதேன். சீட்டெடுத்த காசுல வாங்குனது.” சுகிர்தா உறையை வாங்கிக்கொண்டு, உட்காருங்கக்கா, சார் மீட்டிங்கில் இருக்கார் என்றாள். இப்போது அந்த உறை விசைப்பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பூரில் ஒரு கடை, தேதி தை மாதம், பழைய பவர் டேபிள் தையல் மிஷின் ஒன்று, மோட்டாருடன். இன்னும் மூன்று வாங்கத்தான் அக்கா கடன் கேட்டிருந்தார். அந்த ஒன்றே போதும், வங்கி கேட்கிற சொந்தப் பங்குக்குச் சரியாக வரும், சில நூறு கூடவே வரும். காகிதத்தில் நான்கு மடிப்பு, மடிப்பில் கொஞ்சம் மஞ்சள். அந்தச் சேலையை அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பச்சையில் வெள்ளைப் பூ, ஓரத்தில் இஸ்திரிச் சூடு பட்ட பழுப்பு முக்கோணம். மூக்குக்கு அருகில் புதுத் துணியின் கஞ்சி வாசனை, நூல் பிசிறு, சன்னலில் மாட்டியிருந்த நீல நிறப் பாவாடைகள், ஒரு குட்டிப் பாவாடையின் இடுப்பில் குத்தியிருந்த குண்டூசிகள்கூட எத்தனை என்று சொல்லிவிடுவாள். எல்லாவற்றையும் பார்த்தாள். பையை வைத்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை. மேஜை என்று நினைத்தாள். நினைக்கக்கூட இல்லை, கை வைத்தது, அவ்வளவுதான்.

சாப்பிட வரலியா என்று காசாளர் மகுடேஸ்வரன் எட்டிப் பார்த்துக் கேட்டார். நீங்க சாப்பிடுங்க சார், ஒரு லெட்டர் இருக்கு என்றாள். அவர் பதிலுக்குக் காத்திராமல் போயிருந்தார். உள்ளே டிபன் டப்பாக்கள் திறக்கிற சத்தம், யாரோ பருப்புப் பொடியைப் பற்றிப் பேசிச் சிரிக்கிற சத்தம். வந்த புதிதில் அவளும் அங்கே உட்கார்ந்தாள். நாகர்கோவிலா, அப்ப தினமும் மீனா என்று முதல் நாள் கேட்டார்கள். ஆமா என்றாள். இரண்டாம் நாள் கேட்க அவர்களிடம் கேள்வி இல்லை, சொல்ல அவளிடம் கதை இல்லை. ஆஸ்பத்திரி, பிளாட்டு, மாமியார், பையனின் டியூஷன் என்று அவர்கள் பேச்சு ஒரு குடும்பத்துப் பேச்சுபோலச் சுற்றி வந்தது, அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சரியான இடங்களில் சிரித்தாள். ஒரு நாள் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பழைய கோப்பு அறையில் தனியாகச் சாப்பிட்டாள். அதிலிருந்து அவளுக்குத் தினமும் வேலை இருந்தது. சிமெண்ட் கடை மாடியில் அவள் அறை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது குரல் கரகரத்து வரும், நடத்துநர் சளியா என்பதுபோலப் பார்ப்பார். எட்டரை மணிக்கு அம்மா கூப்பிடுவாள். மக்களே சாப்பிட்டியா? சாப்பிட்டேன். என்னது? தோசை. அங்க மழையா? இல்லை. நல்லா இருக்கியா? இருக்கேன். தெளிவு, சுருக்கம், மரியாதை. முழுமைதான் இல்லை. பிழையின்மையும் இல்லை, சில நாள் தோசை இருக்காது, பிஸ்கட்தான். நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும், பிறகு போனின் கறுப்புக் கண்ணாடியில் ட்யூப் லைட் தெரியும்.

அம்மையீர், தங்கள் விண்ணப்பம் எங்கள் மண்டல அலுவலகத்தால் கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது. கவனமுடன் என்ற சொல்லில் கோடு நின்று துடித்தது. அழித்தாள். மேலாளரிடம் சொல்லப் போனாளே. பதினொன்றரைக்கு அவர் அறை வாசலில் நின்று, சார், ரிஜெக்ட் ஆன ஃபைலை மறுபடி அனுப்பலாமா, ஏதாவது விட்டுப்போயிருந்தா என்று பொதுவாகக் கேட்டாள், யாருடைய கோப்போ என்பதுபோல. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அனுப்பலாம், முதல்லயே ஏன் சரியா அனுப்பலன்னு எழுத்துல கேப்பாங்க, எழுத்துல பதில் சொல்லணும், உனக்கு அடுத்த மாசம் கன்ஃபர்மேஷன் வேற இருக்கு பாத்துக்கோ என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. குடை எடுத்துட்டுப் போ என்பதுபோலத்தான் சொன்னார். இரண்டு வருடத் தகுதிகாண் காலம் வைகாசியோடு முடிகிறது. அதற்குப் பிறகுதான் இது நிரந்தர வேலை, அதற்குப் பிறகுதான் ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்க முடியும், நாகர்கோவில் இல்லாவிட்டாலும் திருநெல்வேலி, திருநெல்வேலி இல்லாவிட்டாலும் மதுரை. தகுதிகாண் காலத்தில் ஒரு எழுத்துப்பூர்வ விளக்கம் என்றால் அது கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எந்த ஊரில் எந்த மேலாளர் கோப்பைத் திறந்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும். இந்தப் பெண் பார்க்காமல் எழுதுவாள். இந்தப் பெண் கேட்காமல் எழுதுவாள். சிமெண்ட் கடை மாடியில் இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம். அடிவயிற்றில் அந்தப் பழைய குளிர் வந்தது, எட்டாம் வகுப்பில் பள்ளி விழா மேடையில் செய்யுளின் இரண்டு அடி சொல்லிவிட்டு மூன்றாவது வராமல் நின்றபோது வந்த அதே குளிர். அன்றும் விரலைத் தொட்டுத்தான் பார்த்தாள். விரல் இருந்தது, அடி இல்லை. யாரோ கைதட்டி அவளை இறக்கினார்கள்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இதுதான் சுற்றிச் சுற்றி வந்தது. எதற்கு மறுத்தார்கள் என்று அக்கா கேட்டால் மேலிடத்து முடிவு என்று சொல்லலாம், உறையைத் திருப்பிக் கொடுக்கலாம், பில்லை இப்போது ஏற்க மாட்டார்கள் அக்கா என்று சொல்லலாம், அடுத்த வருடம் மறுபடி போடலாம் என்று சொல்லலாம். அடுத்த வருடம். ஜூனில் பள்ளி திறக்கிறது, இரண்டு பள்ளிகளின் சீருடை ஆர்டர் அக்காவுக்கு வந்திருக்கிறது, பதினைந்தாம் தேதிக்குள் மிஷின் ஓட ஆரம்பிக்காவிட்டால் ஆர்டர் திருப்பூருக்குப் போய்விடும், நாலு பொண்ணுங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கறனுங்க, அதுல ஒருத்தி இருந்த வேலைய உட்டுட்டே வந்து நிக்கறா என்று கடை பார்க்கப் போன அன்றைக்கே சொன்னார். அதை அவள் குறிப்பில் எழுதினாள், சுண்டுவிரலில், நிலவரம் சாதகம் என்று. நான்கு விரல் சாதகம். நான்கு விரலையும் ஒழுங்காகக் கேட்டு ஒழுங்காக எழுதினாள். மூன்றாவது மட்டும் ஏன் விட்டுப்போயிற்று என்பது அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து தெரியும். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனம் வண்டிமாடு மிரண்டு ஒதுங்குவதுபோல ஒதுங்கியது, அம்மாவிடம் போயிற்று, மேடைக்குப் போயிற்று, பருப்புப் பொடிக்குப் போயிற்று. மகுடேஸ்வரன் உள்ளே எதற்கோ உரக்கச் சிரித்தார். சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்கள் சந்தித்ததும் தலையை ஆட்டிப் புன்னகைத்தார், நீங்க உங்க வேலையப் பாருங்க என்பதுபோலக் கையைக் காட்டினார். சுகிர்தாவின் வலதுகை மேஜைக்கு மேல் இருந்தது. கட்டைவிரல் தானாக விரல்களின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் பார்வை இப்போது முகத்தில் இல்லை, அந்தக் கையில் இருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான். பையைப் பச்சைச் சேலை மேல் வைத்துவிட்டு, கடையின் நடுவில் நின்று, வாயைத் திறக்க வராமல் கையைத் தொடைப் பக்கம் தொங்கவிட்டு அவள் எண்ண ஆரம்பித்தாள். கட்டைவிரல், ஆள். இந்த ஊரில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்? பதினெட்டு வருஷமுங்க. ஆள்காட்டி விரல், தெம்பு. மாதம் எத்தனை உருப்படி? அக்கா சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டிக் காட்டினார். பிறகு மூன்றாவது விரல். கட்டைவிரல் போய் அதைத் தொட்டது. சொந்தமாக என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதை எப்படிக் கேட்பது என்று அவள் மனத்துக்குள் கோர்த்துக்கொண்டிருந்தாள், பணத்தைப் பற்றி வயதில் மூத்தவரிடம் கேட்கக் கூச்சம், நாக்குக்குக் கீழே சொற்கள் திரண்டு நின்றன, கண்ணை ஒரு கணம் மூடியும் இருக்கலாம். அப்போது அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் பையைப் பார்த்து, அது அம்மிணி என்று தொடங்கி, அவள் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஜெபம் பண்றீங்களாங்க என்று கேட்டார். சுகிர்தாவின் பெயரும் பொட்டில்லாத நெற்றியும் அவரை அப்படிக் கேட்க வைத்திருக்கும். இல்லைக்கா, எனக்கு ஞாபகம் இருக்கறதுக்காக எண்ணிக்கிறேன், அஞ்சு கேள்வி கேக்கணும், விரல்ல வெச்சிருக்கேன். இதைச் சொல்ல எத்தனை நொடி. ஆனால் பேங்கிலிருந்து வந்த அதிகாரி விரல் விட்டு எண்ணிக் கேள்வி கேட்கிறாள் என்பது எவ்வளவு கேவலம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. முகம் சூடானது. அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று. அவ்வளவுதான். அக்கா உடனே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார், தெருப்பக்கம் ரேடியோ பாடியதற்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து மறுபடி கூப்பிக்கொண்டார். சொல்ல வந்த மிஷினைச் சொல்லவில்லை. ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது என்று நினைத்திருப்பார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் சுகிர்தாவின் கட்டைவிரல் மோதிர விரலுக்குத் தாவியது. மீதி இரண்டையும் கேட்டுவிட்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் தன் பொய்யைப் பற்றியே நினைத்துக்கொண்டு நடந்தாள், அது முழுப் பொய் இல்லை என்றும் நினைத்தாள், இந்த விரல்கள் எண்ணப் பழகியது கட்டளைகளைத்தானே, ஜெபத்துக்குத் தூரத்து உறவாவது ஆகாதா. மூன்றாவது விரல் அதற்குள் எங்கோ விழுந்துவிட்டது. அவள் அதைத் தேடக்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து அக்கா பாஸ்புத்தகம் பதிய வந்தபோது, எங்க லைன் வூட்டுல எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டனுங்க, பேங்க்கு அம்மிணி நம்ம கடைல நின்னு ஜெபம் பண்ணுச்சு, இனி ஒரு தடங்கலும் வராதுன்னு என்று சொன்னார். இந்த ஊரில் அவளைப் பற்றி யாரோ யாரிடமோ ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். வெட்கத்தைவிடச் சந்தோஷம் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. அன்று இரவு அம்மாவிடம் ஒன்பது நிமிடம் பேசினாள்.

மணி ஒன்று இருபத்தைந்து. திரையில் ‘அம்மையீர்,’ மட்டும் இருந்தது. எத்தனை முறை எழுதி எத்தனை முறை அழித்தாள் என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை ஏழு சி-யும் நிறைவாக எழுதிவிட முடியும், அதுதான் பயமாக இருந்தது. ஒரு வரிகூடப் பொய்யாக இருக்காது. மண்டல அலுவலகம் பரிசீலித்தது, மறுத்தது, வருந்துகிறோம். எல்லாம் பிழையற்ற வரிகள். முழங்கை வரைக்கும் நிறைந்துவிடும். அக்கா அதை வாங்கி மடித்து பிளாஸ்டிக் உறைக்குள் பில்லோடு வைத்துக்கொண்டு, கழுத்தில் நாடாவோடு பஸ் ஏறுவார், லைன் வீட்டில் போய் ஜெபம் பலிக்கலீங்க என்பார். பாவம் அம்மிணி, அதும் என்ன பண்ணும் என்றும் சொல்வார், அவர் சொல்லக்கூடியவர். அந்தப் ‘பாவம் அம்மிணி’யைக் கேட்டதுபோலவே சுகிர்தாவின் காது சூடானது. எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது, நாற்காலி பின்னால் போய் அலமாரியில் இடித்தது. உறையை எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு அடி. கவுண்டர் கதவின் தாழ்ப்பாள் எப்போதும்போல ஒட்டிக்கொண்டது. அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், வாடிக்கையாளர் நாற்காலியில் அவள் உட்காருவது அதுதான் முதல் முறை. குளிர்ந்த இரும்பு. மனத்துக்குள் ஒத்திகை பார்க்க நேரம் வைக்கவில்லை.

“அக்கா, அன்னைக்கு நான் ஜெபம் பண்ணல.”

அக்கா திரும்பிப் பார்த்தார். கேட்டது சரியாகக் காதில் விழவில்லையோ என்று சுகிர்தா நினைத்தாள், ஆனால் விழுந்திருந்தது. அவர் புருவம் மெதுவாக நெருங்கியது. அப்பறம் வெரல உட்டு என்னத்தயோ எண்ணுனீங்களே என்றார். சுகிர்தா வலதுகையை விரித்து இருவருக்கும் நடுவில் மடிமேல் வைத்தாள். ஐந்து கேள்வி அக்கா, மறக்காம இருக்க விரல்ல வெச்சிருக்கேன் என்று தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோவையாக வரவில்லை, முன்னுக்குப் பின்னாக வந்தது, நடுவில் ஞாயிறு பள்ளிகூட வந்தது, சேலை வந்தது, ‘இல்லை’ என்று தட்டியது வந்தது, கடன் மறுக்கப்பட்டது கடைசியில் வந்தது. மறுக்கப்பட்டது என்று சொன்ன இடத்தில் அக்காவின் கை நாடாவைப் பிடித்துக்கொண்டது. அது கழுத்தில் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கழற்றினார், விரலில் சுற்றினார், மறுபடி பிரித்தார். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிறீச்சிட்டது. பிறகு கையை நீட்டி சுகிர்தாவின் மூன்றாவது விரலை நுனியில் பிடித்தார், பாவாடைத் துணியின் தரம் பார்க்கிறவரைப் போல.

“இதாங்க உட்டுப்போனது?”

“அதான்க்கா.”

“நானு வாயத் தொறந்தனுங்க அம்மிணி. நீங்க சாமி கும்புடறீங்கன்னுட்டு மூடிக்கிட்டேன்.” விரலை விட்டார். “தலைய ஆட்டுனீங்களே.”

ஆட்டினேன் என்று சுகிர்தா சொன்னாள். மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்று எழும்பி வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள். இப்போது அந்த முகத்தில் புன்னகை இல்லை. புன்னகை இல்லாத அந்த முகத்தை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்குது, அதுக்குள்ள ஆகுமா என்று அக்கா கேட்டார். ஆகும் என்று சொல்வது மரியாதையாக இருந்திருக்கும். தெரியலக்கா என்றாள். இன்னைக்கே மறுபடி எழுதி அனுப்பறேன், தப்பு என்னோடதுன்னு எழுதறேன், அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது, சார் கையெழுத்துப் போடுவாரான்னும் தெரியாது, போடலன்னா என் பேர்லயே நேரா அனுப்புவேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா என்றார் அக்கா. ஆகலாம் என்றாள். அக்கா அவளைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை, அப்படித்தான் தோன்றியது. பிறகு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, “போயி எழுதுங்க. எழுதி முடிக்கற வரைக்கும் நா இங்கியே இருக்கறேன், உட்டுப்போச்சுன்னா கேளுங்க” என்றார். அதில் இதமும் இருந்தது, நம்பாமையும் இருந்தது. இரண்டும் தனக்கு உரியவைதான் என்று சுகிர்தாவுக்குப் பட்டது.

உறையை அக்காவிடமே கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ‘அம்மையீர்,’ என்பதை அழித்தாள். மண்டல மேலாளர் அவர்களுக்கு என்று தொடங்கினாள். மேற்படி விண்ணப்பத்தில் சொந்தப் பங்கு இல்லை என்று நான் எழுதியது தவறு. விண்ணப்பதாரரிடம் நான் அதைக் கேட்கவில்லை. இயந்திரம் கடையில் இருந்தது, அதன் மேல்தான் என் பையை வைத்திருந்தேன். கடைசி வாக்கியம் இப்படியொரு கடிதத்தில் வரக் கூடாது என்று தெரியும், எந்த சி-யிலும் அதற்கு இடமில்லை. கோடு அதன் பக்கத்தில் நின்று துடித்தது. அழிக்கப் போன விரல் விசைக்கு மேலேயே நின்றது, அழிக்கவில்லை. உள்ளே டப்பாக்களைக் கழுவும் சத்தம் கேட்டது, வெளியே கார் ஒன்று வந்து நிற்கும் சத்தம், சாவி குலுங்கும் சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறிக்குக் கீழே துளசிமணி அக்கா கையைக் கூப்பவில்லை, கட்டிக்கொண்டிருந்தார், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகிர்தா இரண்டு கையையும் விசைப்பலகையின் மேல் வைத்தாள். இப்போது எண்ண விரல் எதுவும் மிச்சமில்லை, பத்தும் வேலையில் இருந்தன. பில்லின் எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லி அக்காவைக் கேட்டாள். கரகரப்பில்லாமல் அவள் குரல் அறையைக் கடந்து போயிற்று. அக்கா பில்லைப் பிரித்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சொன்னார்.